பொறி விழுந்த கூறை

பதினோரு வருஷத்தில் என் கையில் ஒரு சேலை மாறியது கிடையாது. சாலைக் கம்போளம் என்கிற எங்கள் கடைத்தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். என் வீட்டுக்காரர் தங்கபாண்டியிடம் மட்டும் கேட்கக் கூடாது. அவர் ஒரு மாதிரி இருமுவார். அவர் இருமுவது பாதிக் கதைக்குத்தான், மீதி அவருக்குத் தெரியாது. தெரிந்த எனக்கும் அது இன்றுவரை பிடிபடவில்லை. யாரிடமாவது சொன்னால் விளங்குமோ என்றுதான் சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டில் எங்களுக்குச் சாலையின் பின்சந்தில் ஒரு வாடகை அறை. பட்டுச்சேலை பாலிஷ், ரோலிங், பெட்ரோல் வாஷ் என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு போர்டு. மெஷினை அவர் ஓட்டுவார். வீடு வீடாகப் போய்ச் சேலை வாங்குவது, கறை எடுப்பது, திருப்பிக் கொடுப்பது, வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் நான். வள்ளியூரில் இருந்து கல்யாணமாகி வந்தபோது எனக்குச் சேலை உடுத்தத் தெரியும், அவ்வளவுதான். மற்றதை இந்த ஊர் மழை கற்றுக்கொடுத்தது. வருஷத்தில் பாதி நாள் சுவரே வியர்க்கிற ஊர் இது. பாச்சை உருண்டையைச் சரிகைமேல் போடாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் கட்டி இரும்புப் பீரோவில் அடைக்காதீர்கள், பழைய வேட்டியில் சுற்றுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து மடிப்பை மாற்றுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். ஒருவரும் செய்ய மாட்டார்கள். எல்லாரும் செய்தால் நான் பட்டினி, அது வேறு விஷயம்.

பட்டில் மையால் எழுதுகிறவர்களை நான் மனுஷராகவே மதிப்பதில்லை. குண்டூசி குத்தினால் துருப்பிடிக்கும். அதனால் முந்தானை நூலில் ஒரு துணிச் சீட்டைக் கட்டி அதில் வீட்டு நம்பரை எழுதிவிடுவேன். பெயர் எழுதுவதில்லை. என் வாடிக்கை வீடுகள் பாதிக்குமேல் கரமனை அக்ரஹாரத்தில். அங்கே பெயரை நம்பினால் ஒரே தெருவில் நான்கு அனந்தலக்ஷ்மி இருக்கிறார்கள். நம்பர் என்றால் வீட்டுக்கு ஒன்றுதான். ஒரு வீட்டில் இருந்து ஐந்து சேலை வந்தாலும் ஐந்தும் ஐந்து நிறம். கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தால் அவரவர் தங்களுடையதை எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆற்றுக்குப் போகிற தெருவில் நாற்பத்தொன்றாம் நம்பர் வீடு. முன்கட்டில் வாலாம்பாள் மாமியும் அவர் வீட்டுக்காரர் வெங்கடசுப்ரமணியன் சாரும் இருந்தார்கள். சார் கணக்குத் தணிக்கை பார்க்கிற ஏஜீஸ் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். பின்கட்டில் சாருடைய தம்பி மனைவி நாகலக்ஷ்மி மாமி தனியாக இருந்தார். தம்பி ஸ்ரீனிவாசன் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பாகம் பிரித்தபோது இரண்டு கட்டுக்கும் நடுவில் ஒரு கதவு வைத்தார்கள். வீட்டு நம்பரை மட்டும் பிரிக்கவில்லை.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை வாலாம்பாள் மாமி ஒரு புடவையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அரக்கு நிறம், மஞ்சள் கட்டம், ஒன்பது கஜம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கிற கூறைப்புடவை.

“முப்பத்தாறு வருஷம் ஆச்சு, கலை. வர வியாழக்கிழமை மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். எங்க தலைல கலச ஜலத்தைக் கொட்டறச்சே இதைக் கட்டிண்டுதான் மணையில உக்காரப்போறேன்.”

“பட்டு மேல தண்ணிய ஊத்தவா மாமி எங்கிட்ட பாலிஷ் போடக் குடுக்கிய?”

“பிரார்த்தனை,” என்றார். குரல் இறங்கிவிட்டது. “மாசி மாசம் மாமா நெஞ்சைப் பிடிச்சுண்டு விழுந்தாரோல்லியோ. ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுண்டு வேண்டிண்டேன். இவரைத் திருப்பிக் குடுத்துடு, இவர் குடுத்த கூறையோடயே அந்த ஜலத்தை வாங்கிக்கறேன்னு. தாலி கட்டறதுக்கு எங்க பொண்ணு மாளவிகா புதுசு வாங்கிண்டு வரா. அது அப்பறம். ஜலம் இதுமேலதான் விழணும்.”

புடவையை வாங்கி முந்தானையில் நாற்பத்தொன்று என்று சீட்டைக் கட்டினேன். உள்ளே சார் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. மாமி பேசும்போதெல்லாம் ஒரு காதை அந்தச் சத்தத்தின்மேலேயே வைத்திருந்தார். நான்கு மாதமாக அப்படித்தான் இருக்கிறார் என்று தெருவில் சொல்வார்கள்.

வெளியே வந்து பக்கச் சந்தில் நடந்தேன். பின்கட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது. நாகலக்ஷ்மி மாமி நின்றிருந்தார்.

“கலை, செத்த இங்க வா. சத்தம் போடாதே.” பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பொதியை என் கையில் வைத்தார். “ரெண்டு மூணு எடத்துல கரிம்பன் பிடிச்சிருக்கு. எடுத்துக் குடுத்துடு. வரச்சே இந்த வாசல் வழியாவே வந்துடு, கேட்டியோ.”

கரிம்பன் என்றால் பூசணப் புள்ளி. நான் பொதியைப் பிரிக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. சீட்டில் நாற்பத்தொன்று என்று எழுதிப் பொதியில் செருகிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தேன்.

திங்கட்கிழமை கடையில் இரண்டையும் பிரித்தபோது தங்கபாண்டி கேட்டார், “ஏட்டி, ஒரே சேலையவா ரெண்டு மட்டம் வாங்கிட்டு வந்த?”

அப்படித்தான் இருந்தது. அதே அரக்கு, அதே கட்டம், அதே கரை. மூலையில் மஞ்சள் தொட்ட இடம்கூட இரண்டிலும் ஒன்றுபோல. தறியில் ஒரு தடவை பாவு நூல் போட்டால் மூன்று சேலை வரைக்கும் எடுப்பார்கள். இந்த வீட்டு மாமியார் கெட்டிக்காரி. ஒரே பாவில் இரண்டு கூறையாக வாங்கி, மூத்தவன் கல்யாணத்துக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒன்றரை வருஷம் கழித்து இளையவன் கல்யாணத்துக்கு மற்றதைப் பெட்டியில் இருந்து எடுத்திருக்கிறார். இது எனக்கு மறுநாள் அந்த வீட்டில் பேச்சு வந்தபோதுதான் தெரிந்தது. அன்று நான் பார்த்தது இவ்வளவுதான்: ஒன்றில் பாச்சை உருண்டை பட்டுச் சரிகை கறுத்திருந்தது, மற்றதில் கழுத்துப்பக்கம் மூன்று புள்ளி. கறுப்பை எடுத்தேன். புள்ளியை எடுத்தேன். எதில் எதை எடுத்தோம் என்று மனதில் வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. டாக்டர் காய்ச்சலைப் பார்ப்பார், ஆள் முகத்தையா பார்ப்பார்.

சீட்டோடு சேலையை ரோலரில் விட முடியாது. முடிச்சு அழுந்திப் பட்டில் வடு விழுந்துவிடும். அவிழ்த்து மேஜையில் வைத்தேன். இரண்டு சீட்டிலும் நாற்பத்தொன்று. முதல் சேலை மெஷினில் பாதி ஏறியபோது கரண்ட் போயிற்று. அரை மணி நேரம் கழித்து வந்தது. அதற்குள் ஒரு வாடிக்கைக்காரி வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள். அவர் ஒன்றை ஓட்டினார், நான் ஒன்றை மடித்தேன். எது முதலில் போனது என்று கேட்டால் அவர் ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன்.

“விடுட்டி. ஒரே வீடு, ஒரே சேலை. மாறினா ஆகாசமா இடிஞ்சு விழப்போவுது?”

நானும் சிரித்தேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் கரமனைக்குப் போகும்போதே யோசித்து வைத்திருந்தேன். இரண்டையும் வாலாம்பாள் மாமியிடம் காட்டுவது, அவர் தன்னுடையதை எடுத்துக்கொள்வார், மற்றதைப் பின்வாசலில் கொடுத்துவிடுவது. முப்பத்தாறு வருஷம் வைத்திருந்த புடவையைத் தெரியாமலா போகும். பின்வாசல் வழியாக வா என்று ஒருத்தி ஏன் சொன்னாள் என்று யோசித்தேனா என்றால் இல்லை. எனக்கு வாய் இருக்கிற அளவுக்கு மூளையையும் வைத்திருக்கலாம் கடவுள்.

கூடத்தில் மாளவிகா பெங்களூரில் இருந்து கொண்டுவந்த புதுச் சேலையை விரித்துப் போட்டிருந்தாள். மயில்கழுத்து நிறம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, அரக்கில்தான் வேண்டும் என்கிறார் என்று என்னை நியாயம் கேட்டாள்.

“கலைச்சேச்சி, நீங்க பறயுங்கோ. இந்தக் கலர் அம்மாவுக்குச் சேருமா, சேராதா?”

“டியூப்லைட்டுல பாத்தா எந்தப் பட்டும் பொய்தான் சொல்லும் மாளு. வாசலுக்குக் கொண்டாங்க.” வெளிச்சத்தில் பிடித்து, அம்மாவின் தோளில் போட்டுக் காட்டினேன். வெயிலில் நீலம் அடங்கிப் பச்சை மேலே வந்தது. மாமியின் முகம் கொஞ்சம் இளகியது. “நன்னாத்தான் இருக்கு,” என்று ஒத்துக்கொண்டார். எல்லாரும் சந்தோஷமாக இருந்த நேரம் அது ஒன்றுதான்.

பிறகு நான் பையைத் திறந்து இரண்டு கூறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

வாலாம்பாள் மாமி ஒன்றைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். “இது ஏது?”

“சின்ன மாமி குடுத்தாவ. பூசணம் எடுக்க.”

“நாகுவா? கூறையையா?”

அப்போதுதான் அது கூறை என்பதும், அதை நாகலக்ஷ்மி மாமி ஏன் சத்தம் போடாமல் கொடுத்தார் என்பதும் எனக்குச் சேர்ந்து உறைத்தது. இனிமேல் கட்டிக்கொள்ள முடியாத புடவையை ஒருத்தி பூசணம் எடுக்கக் கொடுக்கிறாள் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நான் அதைக் கூடத்தின் நடுவில் விரித்து வைத்துவிட்டேன்.

“இதுல எது என்னோடது?” என்று மாமி கேட்டார்.

“அது, நீங்கதான் மாமி பாத்துச் சொல்லணும்.”

அங்கே ஆரம்பித்தது கூத்து. மாமி மடிப்பைப் பார்த்தார். மடிப்பு இல்லை, பழைய மடிப்பைக் கொல்வதற்குத்தானே நான் காசு வாங்குகிறேன். சரிகையைப் பார்த்தார். இரண்டும் பளபளவென்று இருந்தது. மோந்து பார்த்தார். தன் பெட்டியில் பாச்சை உருண்டை, நாகுவின் பெட்டியில் வசம்பு என்றார். இரண்டிலும் என் கடை வாசனைதான் வந்தது. மூலையில் மஞ்சள், இரண்டிலும். என் தொழிலில் நான் கெட்டிக்காரி என்பதுதான் அன்றைக்கு வினையாகப் போயிற்று. கொஞ்சம் மட்டமாகச் செய்திருந்தால் ஒரு அடையாளமாவது மிஞ்சியிருக்கும்.

சார் மூக்குக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். ஆடிட் பார்த்த கண். ஒரு கரையை விரல் விரலாகத் தடவிக்கொண்டே போய், “இதோ ஒரு ஓட்டை,” என்றார்.

கடுகளவு ஓட்டை. ஓரம் கருகியிருந்தது. மற்றதில் இல்லை.

“பொறி விழுந்தது,” என்றார் மாமி. “ஓமத்துல. என்னோடதுலதான் விழுந்துது. இல்லை, இருங்கோ, அது தீபாவளிப் பொடவையோ? மத்தாப்பு பட்டுதே ஒரு தரம், அது பச்சைன்னா. நம்ம கல்யாணத்துல பொறி விழுந்துதா? நீங்க பாத்தேளா?”

“நான் ஓமத்தைப் பாத்தேனா, பொடவையைப் பாத்தேனா? கண்ணெல்லாம் பொகை,” என்றார் சார்.

“எதுவும் ஞாபகம் இல்லை உங்களுக்கு.”

“உனக்கு மட்டும் இருக்காக்கும்.”

மாமி இரண்டையும் மாற்றி மாற்றி மடியில் வைத்துப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு என்னுடையது, அதனால் கோபம் எனக்குத்தான் அதிகம் வந்தது. “எதக் கட்டினாத்தான் என்ன மாமி? ரெண்டும் ஒரே தறி, ஒரே மாமியா வாங்கினது. ரெண்டும் இந்த வீட்டுச் சேலதானே?” என்று சத்தமாகக் கேட்டேன்.

வாலாம்பாள் மாமியின் கண் சுவருக்குப் போய்விட்டு வந்தது. அங்கே சந்தன மாலை போட்ட ஸ்ரீனிவாசன் சாரின் படம். எங்கள் ஊரிலும் இதெல்லாம் உண்டு. எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும் அவ்வளவு நேரம் புத்தியில் ஏறாமல் இருந்திருக்கிறேன். ஒன்று புருஷன் இருக்கிறவள் கூறை, ஒன்று புருஷன் போனவள் கூறை. நெஞ்சுவலி வந்து பிழைத்தவர் பக்கத்தில் எதைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்பதுதான் கேள்வி.

“அம்மா, இது வெறும் அந்தவிசுவாசம், மூடநம்பிக்கை,” என்றாள் மாளவிகா மெதுவாக. “சித்தி கேட்டா எவ்வளவு வெஷமிப்பா, மனசு நொந்துபோயிடுவா.”

“நான் ஒண்ணும் சொல்லலையே. எனக்கு என்னோடது வேணும், அவ்வளவுதான். அன்னிக்கு அப்பா விழுந்தப்போ நீ பெங்களூர்ல இருந்தே. நாந்தான் பக்கத்துல இருந்தேன்.” மாமியின் கண் நிறைந்துவிட்டது. “தெரியாட்டா ரெண்டும் வேண்டாம். பிரார்த்தனையை முடிக்காம விட்டதாப் போகட்டும்.”

அதைச் சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். கட்டினாலும் பயம், கட்டாவிட்டாலும் பயம். சார் அவர் கையைப் பிடிக்கப் போய், நான் நிற்பதைப் பார்த்து விட்டுவிட்டார்.

அப்போது நடுக்கதவு திறந்தது. நாகலக்ஷ்மி மாமி. எவ்வளவு நேரமாக அந்தப் பக்கம் நின்றிருந்தார் என்று தெரியாது. நான் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நேராக வந்தார், குனிந்தார், ஓட்டை இருந்த கரையை எடுத்துப் பார்த்தார்.

“இது என்னோடது, மன்னி. எங்க கல்யாண ஓமத்துல பொரியிடறச்சே தெறிச்சு விழுந்துது. எங்கம்மா அன்னிக்குப் பூரா அழுதுண்டிருந்தா, அபசகுனம்னு.” அதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். “ஓட்டை இல்லாதது உங்களோடது. எடுத்து வைங்கோ.”

வாலாம்பாள் மாமி மற்றதை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது எனக்கே உயிர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு எதிரே நிற்பது யார் என்று உறைத்தது. “நாகு, உக்காரு. காப்பி கலக்கறேன். நான் எதுவும் மனசுல வெச்சுண்டு, அதில்லை, நீ தப்பா...” என்று வார்த்தை வார்த்தையாக நின்றுபோனார்.

“எனக்கு ஒண்ணும் இல்லை மன்னி. அடுப்புல பாலை வெச்சுட்டு வந்திருக்கேன்.”

நாகலக்ஷ்மி மாமி போனார். நானும் பின்னாலேயே போனேன். மன்னிப்புக் கேட்காமல் அந்த வீட்டு வாசலைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. மாமி அந்தக் கூறையைக் கட்டில்மேல் போட்டுவிட்டு ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருந்தார். சுற்றிக் கொடுத்த பழைய வேட்டியை நான் நீட்டினேன்.

“மன்னிச்சிருங்க மாமி. பின்வாசலுக்கு வரச் சொன்னிய, நான் கூடத்துல கொண்டு போட்டுட்டேன். இந்தாங்க, இதுல சுத்தி வச்சிருங்க. மறுபடி பூசணம் ஏறிரும்.”

“எதுக்கு? அது என்னோடது இல்லையே,” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “எது மாமி?”

“பொறி விழுந்தது மன்னியோடதுல. அவா பெரிய பையன் வயத்துல இருந்தப்போ, சீமந்தத்தன்னிக்கு. தட்டி அணைச்சது நாந்தான். மன்னிக்கு ஞாபகமே இல்லை, பாரு.” விரல் நுனியைப் பார்த்துக்கொண்டார். “எனக்கு ஓட்டையே வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு தரம் பிரிச்சுப் பிரிச்சு மடிச்ச கை. தொட்டாத் தெரியாதா?”

“அப்ப அங்க இருக்கது?”

“என்னோடது.”

கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “மாமி, அவங்க அதக் கட்டிக்கிட்டு... சாருக்கு நெஞ்சுவலி... அவங்க அதத்தானே பயந்துக்கிட்டு...”

“பொடவைக்கு என்னடி தோஷம்?” முதல் தடவையாக என்னை டி போட்டுப் பேசினார். “அண்ணா நூறு வயசு இருக்கணும். நான் தினமும் வேண்டிக்கறேன். மன்னிக்கு ஒரு கெடுதல் நெனைச்சேன்னா என் நாக்கு அழுகட்டும். அவா ரெண்டையும் வேண்டாம்னு சொன்னப்போ நான் என்ன பண்ணுவேன்? உண்மையைச் சொல்லி அவாளோடதைக் குடுத்திருக்கலாம். அதுக்குத்தான் வந்தேன். அந்தக் கதவைத் திறக்கறச்சேகூட அதுக்குத்தான் வந்தேன்.”

கட்டில்மேல் கிடந்த புடவையின் மடிப்பை நீவினார்.

“குனிஞ்சு எடுக்கறச்சே தோணிடுத்து. இவர் இருந்தா ரெண்டு வருஷத்துல எனக்கும் மணை போடுவா. அதுக்குன்னுதான் பாத்துப் பாத்து வெச்சிருந்தேன். நான் இனிமே அங்க உக்கார முடியாது. அதுவாவது உக்காந்துட்டு வரட்டுமேன்னு.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “நீ போய்ச் சொல்லணும்னு தோணினா சொல்லிக்கோ. நான் தடுக்க மாட்டேன்.”

சொல்லிக்கோ என்று சொல்லிவிட்டால் எப்படி. செவ்வாய் பூராவும், புதன் பூராவும் நான் பட்ட பாடு இருக்கிறதே. கறை எடுக்கும்போது சொல்லிவிடுவோம் என்று தோன்றும். மடிக்கும்போது சொல்லக் கூடாது என்று தோன்றும். சொன்னால் வாலாம்பாள் மாமி அந்தப் புடவையைத் தொடமாட்டார், நாகலக்ஷ்மி மாமியின் முகத்திலும் விழிக்கமாட்டார். சொல்லாமல் விட்டு, சாருக்கு நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பேன். சேலைக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். கேட்டுவிட்டு, என் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். நாகலக்ஷ்மி மாமி செய்தது அன்பா, ஆசையா, இல்லை உள்ளுக்குள் வேறு ஏதாவதா? மாமியின் முகத்தை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்குப் பிடி கிடைக்கவில்லை. “என்னட்டி பேயறஞ்ச மாதிரி இருக்க,” என்று தங்கபாண்டி கேட்டார். பித்தம் என்றேன். இரண்டு தடவை கரமனை பஸ்ஸில் ஏறினேன். இரண்டு தடவையும் பாதியில் இறங்கித் திரும்பினேன்.

வியாழக்கிழமை காலையில் தெருமுனைக் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். வாலாம்பாள் மாமி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “நன்னாப் பண்ணிக் குடுத்திருக்கே, கலை. புதுசாட்டமா இருக்கு,” என்றார். மடிசாரில் அந்த அரக்கு அவர் உடம்பில் அப்படி நின்றது. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மேளக்காரர் வந்துவிட்டார், யாரோ மாமியை மணைக்குக் கூப்பிட்டுப் போனார்கள். நேரம் போய்விட்டது என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். மெய்யாகப் பார்த்தால் எனக்குத் துணிச்சல் இல்லை.

மணையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மகனும் மகளும் உறவுக்காரர்களும் வரிசையாகக் கலசத்தை எடுத்துத் தலையில் ஊற்றினார்கள். எல்லாரும் தம்பதியைப் பார்த்தார்கள், நான் புடவையைப் பார்த்தேன். முதல் குடம் தோளில் விழுந்து சரிகை வழியாக இறங்கியது. இரண்டாவது குடத்தில் கட்டமெல்லாம் இருண்டது. மூன்றாவது குடம் ஊற்றும்போது சார் இருமினார். குனிந்து இருமிக்கொண்டே இருந்தார். போச்சு, கலைச்செல்வி, ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டாய் என்று நினைத்தேன். சார் நிமிர்ந்தார். “ஜலம் ரொம்பக் குளுமைடா,” என்று மகனிடம் சொல்லிச் சிரித்தார். மாமி அந்த ஈரத் தலைப்பாலேயே அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பின்பக்கம் சாமான் வைக்கிற அறைக்குப் போனேன். நாகலக்ஷ்மி மாமி அங்கேதான் இருந்தார். சாவிக்கொத்தோடு, யார் என்ன கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற வேலை. வெளிறிய பருத்திப் புடவை. தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார். மேளச் சத்தம் அங்கே நன்றாகக் கேட்டது, மணையில் நடப்பது ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும் கை நின்றது. “சொல்லிட்டியா?”

“இல்ல மாமி.”

“ஜலம் விட்டாச்சா?”

“விட்டாச்சு.”

“நன்னா நனைஞ்சுதா?”

“தலையில இருந்து கால் வரைக்கும் மாமி. சொட்டச் சொட்ட.”

மாமி கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு மாமியில் யாருக்காக அழுகிறேன் என்று தெரியாமலே அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார்.

“அப்போ எங்களுக்கும் ஆயிடுத்து,” என்றார்.

பக்கத்துத் தட்டில் இருந்து ஒரு பிடி கல்கண்டை அள்ளி என் கையில் வைத்தார்.